விதைநிலமும் விளைச்சலும்: புதுச்சேரி பெத்தி செமினார் பள்ளியின் வரலாறும் மரபும்

1. முன்னுரை

புதுச்சேரியினின்று விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில் வில்லியனூரைக் கடந்து மேற்கே சென்றால் திருவாண்டார்கோயில் என்னும் ஊரை அடையலாம். சம்பந்தர் பாடிய வடுகூர் இதுவே என்பர். இவ்வூரைச் சூழ்ந்த நாட்டுப்புறம் நெடுங்காலம் இரண்டு ஆட்சிகளுக்கிடையே துண்டு துண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒரு சிற்றூர் பிரெஞ்சுக்காரர்க்கு உரியதாயிருக்கும். அதை அடுத்த சிற்றூர் ஆங்கிலேயர்க்கு உரியதாயிருக்கும். 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், இப்பகுதி மக்களுக்கு நகரம் இன்னும் அண்மையதாயிற்று. உயர்நிலைக் கல்வியை நாடிய கிராமத்துப் பெற்றோரின் கண்கள் இயல்பாகவே நகரத்துப் பள்ளிகளை நோக்கின. அப்பள்ளிகளுள் கத்தோலிக்க மக்களிடையேயும் பிறரிடையேயும் ஒருங்கே பெயர் பெற்றது பெத்தி செமினார்.

'பெத்தி செமினார்' என்னும் பிரெஞ்சுத் தொடருக்குச் 'சிறு குருமடம்' என்பது பொருள். இன்று மகாத்மா காந்தி வீதி வழியே செல்லும் ஒருவர் அங்கு ஒரு பெரிய மேனிலைப் பள்ளியைக் காண்பாரேயன்றிக் குருமடத்தைக் காணார். ஆயினும் பெயர் மாறவில்லை. குருக்களை உருவாக்கத் தோன்றிய நிறுவனம் எல்லாச் சமயத்துச் சிறுவரும் பயிலும் பள்ளியாக விரிந்தது எவ்வாறு? அவ்விரிவு அதன் முதல் நோக்கத்தினின்று வழுவியதாகுமா, அன்றி அந்நோக்கத்தின் நிறைவேற்றமாகுமா? கல்விச்சாலைகள் பலவற்றைத் தாங்கி நிற்கும் நம் சீர்திருத்தத் திருச்சபைகளின் ஊழியர்க்கும், நாளை அப்பள்ளிகளின் தாளாளராகவும் ஆட்சிக்குழு உறுப்பினராகவும் அமரவிருக்கும் இறையியல் மாணவர்க்கும் இவ்வினாக்கள் அயலானவை அல்ல. ஆகவே ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் வரலாற்றை நம் இதழின் பக்கங்களில் ஆராய்வது பொருத்தமேயாகும்.

2. குருமடம் என்னும் எண்ணம்

செமினாரியம் என்னும் இலத்தீன் சொல் நாற்றங்காலைக் குறிக்கும். இளமையிலேயே நாற்று நட்டு, நீர் பாய்ச்சி, காலம் வந்தபோது வயலில் எடுத்து நடுவது போலக் குருக்களையும் உருவாக்க வேண்டும் என்பதே அச்சொல்லின் உட்பொருள். திரெந்து சங்கம் 1563-ஆம் ஆண்டு தன் இருபத்து மூன்றாம் அமர்வில் இதனைச் சட்டமாக்கியது. ஒவ்வொரு மறைமாவட்டமும் இத்தகைய கல்விச்சாலை ஒன்றை நிறுவவேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் குறையாத, எழுதப் படிக்கத் தெரிந்த சிறுவரைச் சேர்க்கவேண்டும். சிறப்பாக ஏழைகளின் மைந்தரையே தெரிந்துகொள்ளவேண்டும். செல்வர் மக்களை விலக்கவேண்டுவதில்லை எனினும் அவர்கள் தங்கள் செலவைத் தாங்களே ஏற்கவேண்டும் என்று சங்கம் விதித்தது. இலக்கணம், திருவழிபாட்டு இசை, திருநாள்களைக் கணிக்கும் முறை ஆகியன பாடங்களாயின. நாள்தோறும் திருப்பலியும் திங்கள்தோறும் பாவசங்கீர்த்தனமும் ஒழுங்காயின.

ஏழைச் சிறுவருக்கு முதலிடம் என்னும் இவ்விதியை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. குருத்துவம் ஆண்களுக்கே உரியது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் ஒழுங்கு. ஆதலால் சிறு குருமடம் தோன்றும்போதே ஆண்கள் பள்ளியாகத் தோன்றியது. பின்னர் அது பொதுப் பள்ளியானபோதும் அவ்வடிவம் மரபாக நிலைத்தது. ஒரு நிறுவனத்தின் முதல் நோக்கம், அந்நோக்கம் சுருங்கிய பின்னரும் அதன் வடிவத்தில் தங்கிவிடுகின்றது என்பதற்கு இது ஒரு சான்று.

திரெந்து சங்கத்தின் இவ்வொழுங்கு சீர்திருத்த இயக்கத்துக்கு எதிர்வினையாக எழுந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. கால்வின் ஜெனீவாவில் தம் கல்விக்கழகத்தைத் தொடங்கியது 1559-இல். அதாவது மேற்கூறிய விதிக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர். கற்ற ஊழியர் வேண்டும் என்பதில் இரு சாராரும் ஒருமனப்பட்டிருந்தனர் எனலாம்.

3. வீராம்பட்டினத்தில் ஒரு முன்னோடி

பெத்தி செமினார் தோன்றுவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே புதுச்சேரி நாட்டுப்புறம் ஒரு குருமடத்தைக் கண்டிருந்தது. பாரிசு வெளிநாட்டு வேதபோதகக் குருக்கள் சபையார் கீழ்த்திசை நாடுகளின் இளைஞரைக் குருக்களாக்கும் பொருட்டு 1665-இல் சயாம் நாட்டின் தலைநகரான அயுத்தியாவில் ஒரு பொதுக் குருமடத்தை நிறுவினர். பர்மியப் படையெடுப்பால் அயுத்தியா 1767-இல் வீழ்ந்தது. குருமடம் கம்போடியக் கடற்கரைப் பகுதிக்குப் பெயர்ந்தது. அங்கும் அமைதியின்மையால் 1770-இல் புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பத்தை அடுத்த வீராம்பட்டினத்தில் அடைக்கலம் புகுந்தது.

மீனவர் குடியிருப்பை அடுத்த அவ்விடத்தில் வியட்நாமியரும் சயாமியரும் சீனருமான இளைஞர் இலத்தீன் பயின்றனர். அவர்களுக்குத் தலைவராயிருந்த பிஞ்ஞோ த பெஹேன் அங்கிருந்தவாறே வியட்நாமிய மொழிக்கும் இலத்தீனுக்கும் அகராதி ஒன்றை உருவாக்கினார். 1774-இல் மயிலாப்பூர் சாந்தோமில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட அவர், பின்னர் வியட்நாமின் வரலாற்றில் பெரும் பங்காற்றினார். வீராம்பட்டினக் குருமடம் 1780-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அந்நிறுவனம் மீண்டும் உயிர்பெற்றது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பினாங்குத் தீவில்.

அந்தந்த நாட்டார்க்கு அந்தந்த நாட்டாரே குருக்களாக வேண்டும் என்பது இச்சபையார் தொடக்கமுதல் ஏற்றுக்கொண்ட கடமை. சேசு சபை ஒடுக்கப்பட்ட பின்னர், 1776-இல் கர்நாடக மிஷனின் பொறுப்பு இவர்கள் கையில் வந்தது. தமிழ் மண்ணிலும் இக்கடமையை நிறைவேற்றவேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. எனினும் அடுத்த பல ஆண்டுகள் போரும் பஞ்சமும் ஆள் பற்றாக்குறையும் நிறைந்தவை. பிரெஞ்சுப் புரட்சியின் பின்விளைவாக ஐரோப்பாவிலிருந்து குருக்கள் வருவது அருகியது. திட்டமிட்ட முயற்சிக்கு 1840-கள் வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

4. 1844: சங்கமும் பள்ளியும்

1836-இல் உரோமை சோழமண்டலக் கரை முழுவதற்கும் ஓர் அப்போஸ்தலிக்கப் பதிலாளர் ஆட்சிப்பகுதியை ஏற்படுத்தியது. அதன் தலைவராக அமைந்தவர் கிளெமான் பொன்னான் ஆண்டகை. தெலுங்கு மக்களிடையே ஊழியம் செய்து பழகிய அவர், 1844-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் குருக்களைப் புதுச்சேரியில் கூட்டி ஒரு சங்கம் நடத்தினார். அச்சங்கத்தில் இரண்டு பொருள்கள் முதன்மை பெற்றன: ஒன்று உள்நாட்டுக் குருக்களை உருவாக்குதல், மற்றொன்று கல்வி.

அவ்வாண்டிலேயே பெத்தி செமினார் தோன்றியது. அவ்வாண்டிலேயே, அக்டோபர் 16-ஆம் நாள், லூயி சவினியன் துப்புயி அடிகளார் மரியாயின் தூய இருதயக் கன்னியர் சபையைப் புதுச்சேரியில் நிறுவினார். பெண் கல்வியே அச்சபையின் தலையாய பணியாயிற்று. ஆண் பிள்ளைகளுக்குக் குருமடப் பள்ளி, பெண் பிள்ளைகளுக்குக் கன்னியர் பள்ளி என்று இரு கிளைகளும் ஒரே ஆண்டில், ஒரே எண்ணத்தினின்று முளைத்தன. பெத்தி செமினாரின் வரலாற்றைத் தனித்துக் கூறுவோர் இவ்விணைப்பை விட்டுவிடுதல் பிழையாகும். பெண்கள் எழுத்தறிவு பெறுவதை ஊரார் ஏளனஞ்செய்த காலத்தில் தமிழ்க் கன்னியர் ஆற்றிய பணி, சிறுவருக்கு இலத்தீன் கற்பித்த பணியினும் துணிவு மிக்கது என்றே சொல்லவேண்டும்.

துப்புயி அடிகளார் மிஷன் அச்சுக்கூடத்துக்கும் உயிராயிருந்தார். 1846-இல் அவ்வச்சுக்கூடத்தினின்று இலத்தீன்-பிரெஞ்சு-தமிழ் அகராதி வெளிவந்தது. பின்னர் அவரும் முசே அடிகளாரும் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி இரு பகுதிகளாக 1855-லும் 1862-லும் வந்தது. குருமடத்தில் இலத்தீன் பயிலும் தமிழ்ச் சிறுவனுக்கு, அம்மொழியின் சொற்களைத் தன் தாய்மொழியிற் காணும் வாய்ப்பு இதனாற் கிட்டியது. பள்ளியும் அச்சுக்கூடமும் அகராதியும் ஒரே தோட்டத்தின் பாத்திகள்.

1844 என்னும் ஆண்டு வேறோரிடத்திலும் நினைவுகூரத்தக்கது. மதுரை மிஷனுக்கு மீண்டும் வந்த சேசு சபையார் நாகப்பட்டினத்தில் தூய வளனார் கல்லூரியைத் தொடங்கியதும் அவ்வாண்டே. அக்கல்லூரி 1883-இல் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்தது. தமிழகத்துக் கத்தோலிக்கக் கல்வி வரலாற்றில் 1844 ஒரு திருப்புமுனை எனலாம்.

5. உரோமைக்குச் சென்ற குரல்

புதுச்சேரிச் சங்கத்தின் தீர்மானங்களை உரோமைக்கு எடுத்துச் சென்றவர் லூக்கே என்னும் இளங்குரு. உள்நாட்டுக் குருக்கள் ஐரோப்பியக் குருக்களுக்கு என்றும் உதவியாளராகவே இருத்தல் கூடாது. அவர்களுள்ளிருந்தே ஆயர்களும் எழவேண்டும் என்று அவர் வாதாடினார். 1845 நவம்பர் 23-ஆம் நாள் வேதபரப்புதல் பேராயம் வெளியிட்ட அறிவுறுத்தல் இக்கருத்தை ஏற்றது. குருமடங்களை நிறுவுக, உள்நாட்டாரைத் தலைமைப் பொறுப்புக்கு ஆயத்தஞ்செய்க, அவர்களை வெறும் துணைவராக நடத்தும் வழக்கத்தை ஒழிக்க என அது மறைப்பணித் தலைவர்களைப் பணித்தது. லூக்கேயை உரோமை ஆயராக உயர்த்தியது. ஆனால் அவர்தம் கருத்தின் வேகத்தைப் பொறாத உடன்குருக்களின் எதிர்ப்பால் அவர் புதுச்சேரிக்குத் திரும்பவில்லை. மேலிடத்துச் சட்டம் ஒன்றாகவும் களத்தின் மனப்பாங்கு வேறாகவும் இருந்தன.

இக்காலத்தில் புதுச்சேரிக் குருமடத்தின் தலைவராயிருந்தவர் மெல்கியோர் த மாரியோன் பிரெசியாக். 1842-இல் இந்தியா வந்த அவர், உள்நாட்டுக் குருத்துவத்தையே தம் வாழ்வின் குறிக்கோளாகக் கொண்டிருந்தார். தம் மாணவரை நம்பினார். பொறுப்புகளை ஏற்கத் தக்கவரென எண்ணினார். 1846-இல் கோயம்புத்தூர்ப் பகுதியின் ஆயராகக் கருமத்தம்பட்டியில் திருநிலைப்படுத்தப்பட்டார். சாதி வழக்கங்களைத் திருச்சபை எம்மட்டும் பொறுத்துக்கொள்ளலாம் என்னும் வினா அவர் மனச்சான்றை விடாது வாட்டியது. அதற்குத் தெளிவான விடை கிடைக்கப்பெறாத நிலையில் 1855-இல் பதவி துறந்தார். அடுத்த ஆண்டு லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையை நிறுவி, 1859-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபிரீட்டவுனில் கொள்ளைநோயால் மடிந்தார். அவரை 'வணக்கத்துக்குரியவர்' என 2020-இல் உரோமை அறிவித்தது. புதுச்சேரியில் கற்ற பாடத்தை அவர் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச் சென்றார் என்பது மிகையாகாது.

6. பள்ளி விரிதலும் அதன் மரபுகளும்

குருமடத்திற் சேர்ந்த சிறுவர் அனைவரும் குருக்களாவதில்லை. சிறுவயது அழைப்பு பலருக்கு இளமையிலேயே தேய்ந்துவிடும். அத்தகையோருக்கும் பயன்படும் பொதுக்கல்வி தேவையாயிற்று. நகரத்தின் நிலையும் இதற்குக் காரணமாயிற்று. பிரெஞ்சு அரசு 1826-இல் தொடங்கிய கல்லூரி முதலில் ஐரோப்பியர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்குமே உரியதாயிருந்தது. உள்நாட்டார்க்கென 1877-இல் கலவை சுப்பராய செட்டியார் தம் பெயரால் கல்லூரி நிறுவியது, கல்வி வேட்கை எவ்வளவு மிகுந்திருந்தது என்பதைக் காட்டும். மேலும், சுற்றிலும் ஆங்கில ஆட்சி. 1857-இல் மதராஸ் பல்கலைக்கழகம் தோன்றிய பின், அலுவல் நாடிய குடும்பங்கள் ஆங்கிலக் கல்வியை விரும்பின. இச்சூழலில் பெத்தி செமினார் பிரெஞ்சு நகரில் ஆங்கிலக் கல்விக்குப் பெயர்பெற்ற பள்ளியாயிற்று. கத்தோலிக்கருடன் இந்து, இசுலாமியச் சிறுவரும் அதன் பலகைகளில் அமர்ந்தனர்.

குருத்துவக் கல்வியின் மேனிலைப் பகுதியோ தனிவழி சென்றது. புதுச்சேரியின் பெரிய குருமடம் 1934-இல் பெங்களூருக்குப் பெயர்ந்து, தூய பேதுரு குருமடமாக விளங்குகின்றது. 1910-இல் அதே நகரில் நம் ஐக்கிய இறையியல் கல்லூரி தோன்றியிருந்தது. இருவேறு மரபினர் ஒரே நகரில் தம் ஊழியரைப் பயிற்றுவித்தும் நெடுங்காலம் ஒருவரையொருவர் அறியாதிருந்தனர்.

குருமடப் பழக்கங்கள் பள்ளியின் மரபுகளாக மாறியதை இத்தகைய கத்தோலிக்க ஆண்கள் பள்ளிகள் எல்லாவற்றிலும் காணலாம். மணியோசைக்குக் கட்டுப்பட்ட நாள். வகுப்பு தொடங்குமுன் செபம். விடுதியில் மௌனமாகப் படிக்கும் வேளை. மாதத்தின் முதல் வெள்ளியன்று திருப்பலி. கத்தோலிக்க மாணவருக்கு மறைக்கல்வியும் மற்றையோர்க்கு அதே வேளையில் நல்லொழுக்கக் கல்வியும். ஆசிரியர் குருவாகவும் குரு ஆசிரியராகவும் இருத்தல். புதுச்சேரியில் நாட்காட்டியும் இதற்குத் துணை செய்தது. ஆகஸ்டு 15 மரியாயின் விண்ணேற்புத் திருநாள். நாட்டின் விடுதலை நாளும் அதுவே. நவம்பர் 1 சகல புனிதர் திருநாள். 1954-இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறிய நாளும் அதுவே. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16-இல் நிறைவேறியது. திருச்சபையின் திருநாளும் நாட்டின் பெருநாளும் ஒன்றாகக் கொண்டாடப்படும் வாய்ப்பு இங்குள்ள மாணவர் தலைமுறைகளுக்கு வாய்த்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் இம்மரபை மீளாய்வு செய்தது. 1965-இல் வெளிவந்த குருத்துவப் பயிற்சி பற்றிய ஏடு, சிறு குருமட மாணவர் தம் வயதுக்கேற்ற வாழ்க்கை நடத்தவேண்டும். வேறு வாழ்க்கைநிலையைத் தெரிந்துகொண்டாலும் இடையூறின்றித் தொடரத்தக்க கல்வியை அவர்கள் பெறவேண்டும் என்று கூறியது. தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்ததும் சிறுவர்க்கு இலத்தீன் கட்டாயம் என்னும் நிலை தளர்ந்தது. புதுச்சேரிப் பள்ளி தன் விரிவினால் ஏற்கெனவே கண்டறிந்திருந்ததைச் சங்கம் கொள்கையாக மொழிந்தது எனலாம்.

7. சுவரும் வகுப்பறையும்

இவ்வரலாற்றில் வேதனையான பகுதி ஒன்றுண்டு. புதுச்சேரித் திருச்சபை தொடக்கமுதல் சாதியோடு போராடியும் சாதிக்கு இணங்கியும் வந்தது. 1704-இல் உரோமைத் தூதுவர் தூர்னோன் 'மலபார் சடங்குகள்' எனப்பட்ட வழக்கங்களைக் கண்டித்துத் தம் ஆணையை வெளியிட்டது இந்நகரிலேதான். 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்டு அவ்வாணையை உறுதிப்படுத்தினார். ஆனால் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்க்கெனத் தனிக் குருக்களை ஏற்படுத்தும் ஏற்பாட்டையும் உடன் ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டே, 1745-இல், கோவிலுக்குள் இரு சாராரைப் பிரித்த சுவரைப் பற்றிய பூசலை ஆனந்தரங்கப்பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதுகிறார். ஒடுக்கப்பட்டோர் ஆயரிடம் முறையிட்டனர், சுவர் அகற்றப்பட்டது, மற்றையோர் கிளர்ந்தெழுந்தனர்.

கற்சுவரை அகற்றுதல் எளிது. குருமடத்து வாயிலில் இருந்த காணாச் சுவர் நெடுங்காலம் நின்றது. சாதியில் உயர்ந்தோர் எனத் தம்மைக் கருதியோர், ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த குருவின் கையால் அருட்சாதனம் பெற மறுப்பர் என்னும் அச்சத்தால், தொடக்க காலத்துக் குருத்துவ மாணவர் பெரும்பாலும் உயர்சாதியாரிடமிருந்தே தெரிந்துகொள்ளப்பட்டனர். ஏழைகளின் மைந்தர்க்கு முதலிடம் என்ற திரெந்து விதி, தமிழ் மண்ணில் சாதியின் முன்னர் இவ்வாறு வலுவிழந்தது. திருவாண்டார்கோயில், பாகூர், வில்லியனூர்ப் பகுதிகளின் சேரிகளில் பிறந்த சிறுவனுக்கு நகரத்துக் குருமடம் இருபது கல் தொலைவில் அன்று, இரு தலைமுறைத் தொலைவிலேயே இருந்தது.

நாம் இதைக் கூறி நம்மை உயர்த்திக்கொள்ளுதற்கு இடமில்லை. தஞ்சையிலும் வேப்பேரியிலும் நம் ஆலயங்களில் தனி இருக்கைகள் இருந்தன. 1829-ஆம் ஆண்டளவில் வேதநாயகம் சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரே சாதி வழக்கங்களுக்குச் சார்பாக எழுதினார். 1833-இல் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேறுபாட்டை ஒழிக்கக் கட்டளையிட்டபோது எழுந்த எதிர்ப்பு, பல சபைகளைப் பிளந்தது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவராகிய ஒடுக்கப்பட்டோரை அட்டவணைச் சாதியார்க்குரிய உரிமைகளினின்று விலக்கியது. சீக்கியர்க்கு 1956-லும் பௌத்தர்க்கு 1990-லும் வழங்கப்பட்ட திருத்தம் கிறிஸ்தவர்க்கு இன்னும் வழங்கப்படவில்லை. அரசு மறுக்கும் நீதியைத் திருச்சபையின் சொந்தப் பள்ளியேனும் வழங்குகின்றதா என்பதே நம்முன் நிற்கும் கேள்வி.

8. வட்டுக்கோட்டையும் புதுச்சேரியும்

இனி, நம் மரபில் நிகழ்ந்த ஒன்றோடு இதனை ஒப்பிடுவோம். அமெரிக்க மிஷனார் 1823-இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை நிறுவினர். தமிழ்க் கிறிஸ்தவ ஊழியரை உருவாக்குவதே அதன் நோக்கம். ஆங்கிலமும் கணிதமும் வானநூலும் தமிழும் அங்குச் சிறந்தன. 1857-இல் மதராஸ் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அதன் மாணவரே. ஆனால் மிஷன் தலைவர்களின் பார்வையில் அதுவே குறையாயிற்று. மாணவர் அரசு அலுவல்களை நாடுகின்றனர். ஊழியத்துக்கு வருவோர் சிலரே எனக் கண்டு, ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழுவின் ஆலோசனைப்படி 1855-இல் செமினரி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் ஓயாது முயன்று, 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரியாக அதன் பணியைப் புதுப்பித்தனர்.

ஒரே நெருக்கடி, இரு விடைகள். வட்டுக்கோட்டையில், விளைச்சல் எதிர்பார்த்த வயலில் விழவில்லை என்பதற்காக நாற்றங்காலே உழப்பட்டது. புதுச்சேரியில், நாற்றங்கால் விரிந்து வயலாயிற்று. குருத்துவத்துக்கு வேறு நாற்றங்கால் அமைந்தது. முதல் விடையில் நோக்கத் தெளிவு உண்டு. ஆயினும் தமிழ் மக்களின் வேட்கையை அது மதிக்கவில்லை. இரண்டாம் விடையில் மக்கள்பால் கரிசனை உண்டு. ஆயினும் நோக்கம் கரைந்து, பள்ளியின் நற்பெயரே குறிக்கோளாகிவிடும் ஆபத்தும் அதில் உண்டு. சாயர்புரத்தில் ஜி. யு. போப் 1840-களில் நடத்திய செமினரியும், நம் திருநெல்வேலி மிஷன் பள்ளிகளும் இவ்விரண்டுக்கும் இடையே வழிதேடியவையே.

9. நூற்றுப் பதினோராண்டு

பெத்தி செமினாரை நிறுவிய சங்கம் உள்நாட்டு ஆயர்களைக் கனவு கண்டது 1844-இல். புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பேராயர் இருக்கையில் இந்தியரான அம்புரோஸ் இராயப்பர் அமர்ந்தது 1955-இல். இடைப்பட்டவை நூற்றுப் பதினோராண்டுகள். தமிழகத்தில் பிறவிடங்களில் சற்று முன்னதாகவே இது நிகழ்ந்தது: தூத்துக்குடியில் ரோச் ஆண்டகை 1923-இல் ஆயரானார். நம் மரபில் அசரியா 1912-இல் தோர்ணக்கலின் பேராயரானார். ஆனால் தரங்கம்பாடியில் ஆரோன் ஐயர் குருப்பட்டம் பெற்ற 1733-இலிருந்து கணக்கிட்டால், நாமும் நூற்று எழுபத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தோம். சுயாட்சி, சுயஆதரவு, சுயவிரிவு என்னும் கொள்கையை ஹென்றி வென் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே வகுத்தும் நிலை அதுவாயிருந்தது.

இத்தாமதத்துக்குத் தகுதிக் குறைவு காரணமன்று. இலத்தீனும் மெய்யியலும் கற்றுத் தேர்ந்த தமிழ்க் குருக்கள் ஒரு நூற்றாண்டாக இருந்தனர். பயிற்சி அளித்தவர் பயிற்சி பெற்றவரை நம்பத் தயங்கியதே காரணம். பள்ளி தன் கடமையைச் செய்தது. பள்ளியை நிறுவிய திருச்சபை அதன் விளைச்சலை அறுவடை செய்யத் தாமதித்தது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், கேட்டவற்றை உண்மையுள்ள மனிதரிடம் ஒப்படைக்குமாறு பணிக்கிறார். ஒப்படைத்தல் என்பது கற்பித்தலோடு முடிவதன்று. கைவிட்டுக் கொடுத்தலையும் அது உட்கொண்டது.

10. முடிவுரை

பெத்தி செமினார் தன் முதல் நோக்கத்தினின்று வழுவியதா என்னும் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். உள்நாட்டாரைப் பொறுப்புக்கு ஆயத்தஞ்செய்தலே அதன் உயிரான நோக்கம். குருத்துவம் அப்பொறுப்புகளுள் ஒன்று, ஒரே பொறுப்பன்று. அலுவலகத்திலும் வழக்குமன்றத்திலும் வகுப்பறையிலும் நேர்மையோடு நிற்கத்தக்க சிறுவரைப் பயிற்றுவித்தபோதும் பள்ளி அந்நோக்கத்தையே நிறைவேற்றியது. யாருக்குக் கதவு திறக்கப்பட்டது, யாருக்குத் தாமதமாகத் திறக்கப்பட்டது என்பதில்தான் வழுவுதல் நேர்ந்தது.

இவ்வரலாறு நம் பள்ளிகளின் ஆட்சிக்குழுவில் அமர்வோரை மூன்று வினாக்கள் வினவுகின்றது. முதலாவது, நம் சேர்க்கைப் பதிவேட்டில் திருச்சபையின் ஏழைப் பிள்ளைகளுக்கு, சிறப்பாகச் சேரியினின்று வரும் பிள்ளைகளுக்கு, எத்தனையாவது இடம்? நன்கொடை கேட்கும் பள்ளி, திரெந்து சங்கம் விதித்ததற்கும் பின்னே நிற்கின்றது என்பதை உணர்வோமாக. இரண்டாவது, ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி எனப் பிரிந்த பழைய வடிவங்களை நாம் பேணுவது எக்காரணத்தால்? காரணம் மறைந்த பின்னும் வடிவத்தைப் பேணுதல் மரபாகாது. மூன்றாவது, நாம் பயிற்றுவித்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்க நமக்கு எத்தனை ஆண்டுகள் வேண்டும்? பேராயத்திலும் கல்லூரியிலும் பள்ளியிலும் பதவிகளைக் கைவிடாது பற்றி நிற்போர் இன்று வெளிநாட்டார் அல்லர்.

ஏலியின் ஆலயத்தில் பயின்ற சிறுவனாகிய சாமுவேலிடம் ஆண்டவர் பேசினார். அக்குரலை இன்னதென்று அவனுக்கு உணர்த்தியது ஏலியின் பெருமை. அச்செய்தி தம் சொந்த வீட்டுக்கு எதிரானதாயிருந்தும் அதை மறைக்காமற் சொல்லும்படி கேட்டது அதனினும் பெரிய பெருமை. திருச்சபை நடத்தும் ஒவ்வொரு பள்ளியிலும் இத்தகைய சிறுவர் இருக்கின்றனர். அவர்கள் சொல்வதைக் கேட்கும் செவி ஆசிரியராகிய நமக்கும் ஆயராகிய நமக்கும் அருளப்படுவதாக.